காயல் துறையில் இறங்கிய குதிரைகள்

ஆழ்வார்திருநகரியின் மாட வீதியில் குதிரை வாகனம் உலா வரும் இரவில், பெருமாளைச் சேவித்த கண்கள் அடுத்த கணமே குதிரையின்மேல் சென்று தங்கிவிடும். இளமையில் எனக்கு அப்படித்தான் நேர்ந்தது. முன்னங்கால் இரண்டையும் தூக்கி, கழுத்தை வளைத்து, பாய்வதற்கு ஒருப்பட்டு நிற்கும் அந்த மரக் குதிரையைப் போன்ற ஓர் உயிர்க் குதிரையை எங்கள் ஊர் வயல்வெளியில் நான் கண்டதே இல்லை. கண்டனவெல்லாம் வண்டி மாடுகளும், உழவு மாடுகளும், எருமைகளுமே. தாமிரபரணிக் கரையில் நெல் உண்டு, வாழை உண்டு, சற்று விலகினால் பனை உண்டு. குதிரை மேய்வதற்குரிய பரந்த புல்வெளி இல்லை. அங்ஙனமாயின் குதிரை இந்நாட்டுக்கு எங்கிருந்து வந்தது? எப்படி வந்தது? இந்த வினா நெடுநாள் என் உள்ளத்தில் கிடந்தது.

அண்மையில் கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் வேறொரு வினாவை எழுப்பினார். "ஐயா, ஆஸ்திரேலியாவில் செய்த விரைவுக் கார்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் விற்றார்களே, அவை அந்நாட்டுச் சந்தைக்கு ஏற்றவைதாமா? நல்ல வண்டி என்று ஓட்டியவர்கள் சொல்லுகிறார்கள், ஆனால் நிலைக்கவில்லையே!" என்றார். கார்களைப்பற்றி நான் அறிந்தது சிறிது. ஆயினும் அவர் கேட்ட கேள்வி மிகப் பழையது. ஒரு நாட்டில் பிறந்த விரைவான ஊர்தியை மற்றொரு நாட்டில் விற்கலாமா என்னும் வினாவுக்கு, எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு துறைமுகத்தில் விடை கிடைத்திருக்கிறது. எங்கள் ஊரில் காலையில் வண்டி கட்டினால் பொழுது சாய்வதற்குள் சென்று சேரக்கூடிய தொலைவில் உள்ள அத்துறையின் பெயர் காயல்.

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் ஆறு கொணரும் வண்டல் படிந்து படிந்து, நிலம் கடலை நோக்கி நகர்ந்துகொண்டே போயிற்று. ஆதலால் துறைமுகமும் இடம் பெயர்ந்தது. முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கை முதலில் செழித்தது. கொற்கையைக் கடல் கைவிட்ட பின் காயல் எழுந்தது. காயலையும் கடல் கைவிட்ட பின் புன்னைக்காயல் தோன்றியது. இன்று பழையகாயல் என்று வழங்கும் சிற்றூரே, வெனிஸ் நகரத்து வணிகராகிய மார்க்கோ போலோ கண்ட காயல் என்று கால்டுவெல் துணிந்தார். 1881இல் வெளிவந்த அவருடைய திருநெல்வேலிச் சரித்திரத்தில் இச்செய்தியைக் காணலாம். சீன நாட்டுப் பாண்டங்களின் உடைந்த துண்டுகள் அவ்வூர் மண்ணில் கிடந்தது அவர் கருத்துக்குத் துணையாயிற்று. கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சிய அவ்விடம் இன்று கடலை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிறது.

கடல்வழியே குதிரை வருவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துக்கு மரக்கலங்களில் குதிரைகள் வந்திறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை சொல்லுகிறது. மாணிக்கவாசகர் வரலாற்றை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். பாண்டியன் குதிரை வாங்குவதற்காகக் கொடுத்தனுப்பிய பொன்னை அவர் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்டார் என்பதும், இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்குக் கொணர்ந்தான் என்பதும், இரவானதும் அப்பரிகள் மீண்டும் நரிகளாயின என்பதும் கதை. பத்தர்களுக்கு அஃது இறைவனின் திருவிளையாடல். வரலாறு கற்போருக்கு அதனுள்ளே வேறு ஒரு செய்தியும் இருக்கிறது. அமைச்சர் ஒருவர் அரசன் கருவூலத்துப் பொன்னை எடுத்துக்கொண்டு குதிரை வாங்கப் போவது, அக்கதையைக் கேட்ட மக்களுக்கு வியப்பாகத் தோன்றவில்லை. அஃது அன்றாட அரசியல் நிகழ்ச்சியாகவே அவர்களுக்குப் பட்டிருக்க வேண்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயலில் நடைபெற்ற குதிரை வாணிகத்தைப்பற்றி இரண்டு அயல்நாட்டார் எழுதி வைத்திருக்கின்றனர். ஒருவர் மார்க்கோ போலோ; 1292ஆம் ஆண்டை ஒட்டி இக்கரைக்கு வந்தவர். மற்றவர் பாரசீக வரலாற்றாசிரியராகிய வஸ்ஸாப். அக்காலத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சி நிகழ்ந்தது. 1268இல் முடிசூடிய அவ்வேந்தன் ஏறத்தாழ நாற்பதாண்டு ஆண்டான். பாண்டிய நாட்டை அரேபியரும் பாரசீகரும் மாபார் என்று அழைத்தனர். ஓர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்தும் அரபு நாட்டின் பிற பகுதிகளிலிருந்தும் குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்கள் அனைத்தும் காயலைத் தொடுகின்றன என்று மார்க்கோ போலோ கூறுகிறார்.

அக்குதிரைகள் வந்த கப்பலை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். ஓர்முஸில் கட்டிய மரக்கலங்களில் இரும்பாணி இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருந்தனர். ஒரே பாய்மரம், ஒரே பாய், ஒரே சுக்கான். சரக்கை அடுக்கி, அதன்மேல் தோல்களைப் போர்த்தி, அத்தோலின்மேல் குதிரைகளை நிறுத்தி ஏற்றி வந்தனர் என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். அத்தகைய கப்பல்கள் பல கடலில் மூழ்கிப் போயின என்றும் அவரே சொல்லுகிறார். பாலைநிலத்து வறண்ட காற்றில் வளர்ந்த குதிரை, வெயிலும் உப்புக்காற்றும் தாக்க, பல நாள் நின்றபடியே வந்து காயல் மணலில் கால் வைத்தது.

விலை என்ன தெரியுமா? ஒரு குதிரைக்கு 220 பொன் தீனார் என்று பழமையாகவே வரையறுத்திருந்ததாக வஸ்ஸாப் குறிப்பிடுகிறார். பழைய தீனார் ஒன்றன் எடை சுமார் 4.25 கிராம் என்று கொண்டால், ஒரு குதிரையின் விலை ஒரு கிலோகிராமுக்குச் சற்றே குறைந்த பொன்னாகும். கிஷ் தீவின் தலைவராகிய ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்புவதென்று உடன்படிக்கை இருந்தது. முந்திய தலைமுறையில் மாபார், காம்பே முதலிய துறைகளுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் ஏற்றுமதியாயின என்றும், அவற்றின் மொத்த விலை 22,00,000 தீனார் என்றும் அவர் கணக்குத் தருகிறார்.

இவ்வுடன்படிக்கையில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. அவற்றை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலாவது: வழியில் கடலிலே குதிரை இறந்தாலும் ஊறுபட்டாலும் அதன் விலையைப் பாண்டியன் கருவூலமே கொடுத்துவிட வேண்டும். இரண்டாவது: காயல் முதலிய துறைகளைப் பாண்டியனுக்காக மேற்பார்த்த பெரிய அதிகாரி தக்கியுத்தீன் என்பவர், அவர் ஜமாலுத்தீனின் உடன்பிறந்தார். குதிரையை விற்பவர் ஓர் உடன்பிறந்தார். அதைத் துறையில் ஏற்பவர் மற்றோர் உடன்பிறந்தார். செத்ததற்கும் விலை கொடுப்பவன் அரசன். இத்தகைய ஏற்பாட்டில் நட்டம் யார் தலையில் விழும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி, உயிரோடு இறங்கிய குதிரைகளின் கதையைப் பார்ப்போம். ஐந்து உடன்பிறந்த அரசர்கள் அந்நாட்டை ஆண்டனர் என்றும், ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் ஒவ்வொருவரிடமும் நூறு குதிரைகூட எஞ்சுவதில்லை என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். பேணும் முறை அறியாமையால் அவை மடிந்தன என்பது அவர் கூறும் காரணம். சோற்றையும் இறைச்சியையும் சமைத்துக் குதிரைக்கு ஊட்டினர் என்கிறார். நல்ல ஆண்குதிரையும் நல்ல பெண்குதிரையும் கூடினாலும், கால் கோணிய, ஏறுதற்கு உதவாத குட்டியே இந்நாட்டில் பிறக்கிறது என்கிறார். வஸ்ஸாப் சொல்லுவதும் இதனோடு ஒத்திருக்கிறது. தானியத்தை வறுத்தும் வெண்ணெய் கலந்தும் குதிரைகளுக்குக் கொடுத்தனர்; காய்ச்சிய பசும்பாலைக் குடிப்பித்தனர்; நாற்பது நாள் கொட்டிலில் முளையோடு கட்டிக் கொழுக்க வைத்தனர்; பின்பு பழக்கமே இன்றி மேலேறி விரட்டினர்; சில நாளில் அவை தளர்ந்து விழுந்தன என்று அவர் எழுதுகிறார்.

இவற்றை அப்படியே நம்பிவிடலாமா? வரலாறு கற்போர் இங்கே சற்று நிற்றல் வேண்டும். இருவரும் அயலார். இருவரும் வாணிகர் வாயிலாகச் செய்தி கேட்டவர். 2,000, 10,000 என்னும் எண்கள் முழு எண்களாக இருப்பதே ஐயத்தை எழுப்புகிறது. பத்தாயிரம் குதிரைக்கு மேற்சொன்ன விலையைக் கணக்கிட்டால் ஒன்பது டன்னுக்கு மேற்பட்ட பொன் ஆண்டுதோறும் கைமாறியிருக்க வேண்டும். அது மிகையாகத் தோன்றுகிறது. மேலும், குதிரை மருத்துவம் நம் நாட்டுக்குத் தெரியாத கலையன்று. சாலிகோத்திரர் பெயரால் வழங்கும் வடமொழிப் பரி நூல் மரபு மிகப் பழையது. ஆதலால் எண்களைத் தள்ளி வைத்து, இருவரும் தனித்தனியே ஒப்புக்கூறும் கருத்தை மட்டும் கொள்வோம்: குதிரைகள் பெருந்தொகையாக வந்தன, விரைவில் மாண்டன, ஆகவே மறு ஆண்டும் வந்தன.

மார்க்கோ போலோ கூறும் மற்றொரு செய்தியே எனக்கு எல்லாவற்றினும் பெரிதாகத் தோன்றுகிறது. குதிரைக்கு லாடம் அடித்து நோய் பார்க்கும் வைத்தியர்கள் அந்நாட்டில் இல்லை. குதிரை விற்கும் வணிகர்கள் அத்தகையோரைத் தம்முடன் அழைத்து வருவதும் இல்லை. பிறர் வருவதையும் தடுத்தனர். ஏனெனில் குதிரைகள் சாவதே அவர்களுக்கு வேண்டியிருந்தது என்கிறார் அவர். இக்கூற்று முழு உண்மையோ, துறைமுகத்து வம்போ, எவ்வாறாயினும் அந்த வாணிகத்தின் இயல்பை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. பத்தாண்டு வாழும் குதிரையை விற்றவன் பத்தாண்டுக்கு ஒருமுறைதான் விற்பான். ஓராண்டில் சாகும் குதிரையை விற்றவன் ஆண்டுதோறும் விற்பான்.

நம் யானையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யானை நம் மலைகளில் பிறந்தது. அதன் தீனியும் நம் காட்டிலேயே உண்டு. பாகன் இல்லாமல் யானை எங்கும் போனதில்லை. யானை தன் பாகனோடு வந்தது. குதிரை தன் வைத்தியனை விட்டுவிட்டு வந்தது. வேறுபாடு இவ்வளவே. ஆனால் அந்த வேறுபாட்டின் விலை ஒரு நாட்டின் கருவூலம்.

அரசர்கள் அறிவில்லாமலா வாங்கினர் என்று கேட்கலாம். அன்று. போரில் விரைவு வேண்டும். பகைவனிடம் குதிரை இருக்கையில் தன்னிடம் இல்லாத வேந்தன் நிற்க முடியாது. ஆதலால் குதிரை இந்நிலத்துக்கு ஏற்றதா என்னும் கேள்விக்கு இடமே இல்லாது போயிற்று. இந்நிலை பாண்டியரோடு முடியவும் இல்லை. விசயநகரத்து வேந்தன் சாளுவ நரசிம்மன் ஆயிரம் பர்தாவுக்கு மூன்று குதிரை என்னும் விலையில், உயிருள்ளவற்றையும் இறந்தவற்றையும் ஒருங்கே ஏற்றான் என்றும், கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் கொணர்ந்து காட்டினாலும் முழு விலை கொடுத்தான் என்றும் நூனிஸ் என்னும் போர்ச்சுக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் எழுதினார். வாலுக்கும் விலை கொடுத்த சந்தை அது!

இவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் பாண்டியனைக் காத்தனவா? குலசேகரனின் மக்கள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்குப் போரிட்டனர். தந்தை மகன் கையால் மாண்டான் என்று வஸ்ஸாப் எழுதுகிறார். 1311இல் தில்லிச் சுல்தானின் தளபதி மாலிக் காபூர் படையோடு வந்தான். அவன் தென்னாட்டிலிருந்து கவர்ந்து சென்றவற்றுள் 5,000 குதிரைகள் இருந்தன என்று அமீர் குஸ்ரு சொல்லுகிறார். பரனி என்பவர் 20,000 என்கிறார். பாண்டியர் வீழ்ச்சிக்குக் குதிரையே காரணம் என்று நான் சொல்லவில்லை. உடன்பிறந்தார் பகையே முதற் காரணம். ஆயினும் குதிரையை வாங்கிய அரசு குதிரையைக் கையாளும் கலையை வாங்கவில்லை என்பதும், கடல் கடந்து வந்த குதிரைகள் கடைசியில் பகைவன் பின்னே நடந்து சென்றன என்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

இப்பொழுது அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் என்னும் நிறுவனம் எட்டு உருளை எஞ்சினும், பின் சக்கரங்களை இயக்கும் அமைப்பும் கொண்ட விரைவுக் கார்களைச் செய்தது. அந்நாடும் அமெரிக்காவைப் போலவே பரந்தது; நெடுஞ்சாலைகள் நீண்டவை; பயணத் தொலைவு பெரிது. ஆகவே அக்கார்கள் அமெரிக்க மண்ணுக்கு நன்கு ஏற்றவை என்றே சொல்ல வேண்டும். அதன் மொனாரோ என்னும் இரண்டு கதவு வண்டி, போன்டியாக் ஜி.டி.ஓ. என்னும் பெயரில் 2004 முதல் 2006 வரையுள்ள மூன்று மாதிரி ஆண்டுகளில் அமெரிக்காவில் ஏறத்தாழ 40,000 விற்றது. அடுத்து நான்கு கதவுள்ள போன்டியாக் ஜி8 சென்றது. 2008இல் பெட்ரோல் விலை ஏறியது; 2009இல் தாய் நிறுவனமாகிய ஜெனரல் மோட்டார்ஸ் திவால் நடவடிக்கைக்கு உட்பட்டது; போன்டியாக் என்னும் பெயரே கைவிடப்பட்டது; ஜி8 வண்டியும் அதனோடு மறைந்தது. பின்னர்ச் செவ்ரோலே எஸ்.எஸ். என்னும் பெயரில் மீண்டும் முயன்றனர். ஓட்டியவர் போற்றினர், வாங்கியவர் மிகச் சிலரே. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட புது வண்டிகள் விற்கும் சந்தையில் அஃது ஒரு துளி. 2017 அக்டோபர் 20ஆம் நாள் ஹோல்டனின் அடிலெய்டுத் தொழிற்சாலையில் கார் உற்பத்தி நின்றது. அத்தோடு ஆஸ்திரேலியாவில் கார் செய்யும் தொழிலே முடிவுற்றது.

ஏன் நிலைக்கவில்லை? வண்டியின் கால் கோணவில்லை. சாலை அதற்குப் பகையாகவும் இல்லை. தோற்றம் எளிமையாக இருந்தது, விளம்பரம் போதவில்லை, ஆஸ்திரேலிய நாணயத்தின் மதிப்பு ஏறியபோது விலை கட்டுபடியாகவில்லை, வாங்குவோர் மனமோ தாழ்ந்த கார்களை விட்டு உயர்ந்த, பெரிய வண்டிகளை நாடியது. காயல் குதிரையின் கதைக்கு இது முற்றிலும் தலைகீழானது. குதிரை நிலத்துக்கு ஏற்கவில்லை. ஆயினும் சந்தை அதைத் தலைமுறை தலைமுறையாக வாங்கிற்று. கார் நிலத்துக்கு ஏற்றது. ஆயினும் சந்தை அதை வாங்கவில்லை. ஆகவே நிலத்துக்கு ஏற்பது வேறு. சந்தைக்கு ஏற்பது வேறு. இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதே பிழை.

இரண்டும் ஒருங்கே அமைந்த எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே உண்டு. சென்னையில் இருந்த ஸ்டாண்டர்டு நிறுவனம் 1985இல், இங்கிலாந்தின் ரோவர் வண்டியைத் தழுவி ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய காரை வெளியிட்டது. மூல வண்டி 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு பெற்றது. இங்கோ அதன் அழகிய உடலுக்குள் பழைய எஞ்சின் ஒன்றைப் பொருத்தினர். விலையும் எரிபொருட் செலவும் மிகுந்து, சில ஆண்டுகளில் அது மறைந்தது. அதற்குச் சற்று முன், 1983 இறுதியில், ஜப்பானியச் சுசுகி நிறுவனத்தின் துணையோடு வந்த மாருதி 800 சிறிய வண்டி; எஞ்சின் 796 கன சென்டிமீட்டர் அளவே. ஆனால் அது வந்தபோது பழுது பார்க்கும் நிலையங்களும், உதிரி உறுப்புகளும், பயிற்சி பெற்ற தொழிலாளரும் ஊர்தோறும் மெல்ல மெல்லப் பரவினர். இந்தக் குதிரை தன் வைத்தியனை உடன் அழைத்து வந்தது. அதனால் முப்பதாண்டு ஓடிற்று.

மாணவ நண்பர்களே, அயல்நாட்டுப் பொருள் எதுவாயினும், அதை வாங்கும் நாட்டார் மூன்று கேள்விகளைக் கேட்டல் வேண்டும். இஃது எங்கள் மண்ணுக்கு ஏற்குமா? இதைப் பேணும் அறிவும் இதனோடு வருகிறதா? இது கெட்டால் ஆதாயம் யாருக்கு? முதல் கேள்வியை எல்லோரும் கேட்பர். இரண்டாவதைச் சிலர் கேட்பர். மூன்றாவதைக் கேட்கப் பாண்டியன் மறந்தான்.

சென்ற ஆண்டு நான் பழையகாயலுக்குச் சென்றிருந்தேன். உப்பளங்கள் வெயிலில் மின்னின. குதிரைகள் இறங்கிய துறை எதுவென்று காட்டுவதற்கு அங்கே ஓர் அடையாளமும் இல்லை. திரும்பும் வழியில் ஓர் ஐயனார் கோயிலைக் கண்டேன். வேப்ப மரத்தடியில் சுட்ட மண் குதிரைகள் வரிசையாக நின்றன. நம் வேளார்கள் நம் ஆற்று மண்ணைப் பிசைந்து நம் ஊர்ச் சூளையில் சுட்டவை. கடல் கடந்து வந்த குதிரைகளின் எலும்புகூட இந்த மண்ணில் நமக்குத் தெரியவில்லை. அவற்றைக் கண்டு வியந்த கண்கள் பார்த்துச் செய்த வடிவம் மட்டும் மண்ணிலும் மரத்திலும் நிலைத்துவிட்டது. எங்கள் ஊர் வாகனக் குதிரை எங்கிருந்து வந்தது என்னும் என் இளமைக் கேள்விக்கு அன்று விடை கிடைத்தது: அது காயல் துறையில் இறங்கியது.